ஸ்பானிஷ் வீண் படிப்பா? கிள்ளான் ஐயாவுக்கு ஒரு பதில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு வாசகர் பகுதியில் கிள்ளானிலிருந்து ஓர் ஐயா எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத் தேர்வு) முடித்த மகள் கணக்கியல் கேட்டாளாம், கிடைத்ததோ ஸ்பானிய மொழிப் பட்டப்படிப்பாம், நமக்கும் அந்த மொழிக்கும் என்ன சம்பந்தம், பிள்ளையின் சில வருஷத்தை இப்படி வீணாக்கலாமா என்று கேட்டிருந்தார். கோபத்தில் எழுதியிருக்கிறார், அது புரிகிறது. ஆனால் அந்தப் படிப்பைப் படித்த ஒருத்தி செந்தூலில் உட்கார்ந்து அவர் கடிதத்தைப் படிப்பாள் என்று நினைத்திருக்க மாட்டார்.

நான் மலாயாப் பல்கலைக்கழகத்தில், மொழி மொழியியல் புலத்தில் ஸ்பானியம் படித்தேன். அதே புலத்தில்தான் தமிழும் பட்டப்படிப்பாக இருக்கிறது, அரபு, சீனம், ஜப்பானியம், ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம் எல்லாம் இருக்கிறது. இதை நான் முதல் விருப்பமாகக் கேட்கவில்லை, ஐந்தாவதாகச் சும்மா போட்டு வைத்தது. சேர்க்கைக் கடிதம் வந்த அன்று அப்பா லோரியை நிறுத்திவிட்டு வந்து "ஸ்பெயினுக்கா போகப் போறே?" என்று ஒரு கேள்விதான் கேட்டார், அப்புறம் இரண்டு நாள் பேசவில்லை. மாமா ஒருவர் பந்து விளையாட்டுப் பார்க்கவா என்று கிண்டல் செய்தார். தம்பிக்கு மட்டும் சந்தோஷம், மெஸ்ஸி பேட்டியை மொழிபெயர்த்துச் சொல்வேன் என்று. (முதல் வருஷம் முழுக்க மெஸ்ஸி பேசியது எனக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை. அர்ஜென்டினாக்காரர்கள் 'யோ' என்பதை 'ஷோ' என்கிறார்கள், இலக்கணத்திலேயே நமக்குச் சொல்லித்தராத 'வோஸ்' என்ற முன்னிலைச் சொல்லைப் போடுகிறார்கள். தம்பி என்னை மோசடிக்காரி என்றே முடிவு கட்டிவிட்டான்.)

சம்பந்தம் என்ன என்று கேட்டாரே, அதற்கு வருகிறேன்.

'எனக்குக் காப்பி பிடிக்கும்' என்பதை ஸ்பானியத்தில் 'மெ குஸ்தா எல் கஃபே' என்பார்கள். 'மெ' என்றால் எனக்கு. நான் காப்பியை எதுவும் செய்யவில்லை, காப்பிதான் எனக்குப் பிடித்துப்போகிறது. ஆங்கிலத்திலோ மலாயிலோ யோசிப்பவர்களுக்கு இது ஏறவே ஏறாது, அங்கே 'நான்' என்று ஆரம்பித்தால்தான் வாக்கியம் நிற்கும். எங்கள் வகுப்பில் பாதிப்பேர் 'யோ குஸ்தோ' என்று சொல்லிச் சொல்லி மாட்டிக்கொண்டார்கள், விரிவுரையாளர் பலகையில் அம்புக்குறியாகப் போட்டு ஒரு மணி நேரம் விளக்கினார், நான் பின் வரிசையில் உட்கார்ந்து இதில் விளக்க என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தலைவலியும் அப்படித்தான், 'மெ துவேலே லா கபேசா', எனக்குத் தலை வலிக்கிறது, சொல்லுக்குச் சொல் அப்படியே. 'பேசுகிறேன்' என்றாலே 'நான்' அதற்குள் இருப்பது போல 'ஆப்லோ' என்றாலே நான் வந்துவிடும், தனியாக 'யோ' போட வேண்டியதில்லை. ஸ்பானியத்திலும் பெரியவர்களை 'நீ' என்று சொல்லக் கூடாது, அதற்கு வேறு சொல் இருக்கிறது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா என்ன?

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. கிளாஸ் கை தவறி உடைந்தால் நம் வீட்டில் எந்தப் பிள்ளையாவது 'நான் உடைத்தேன்' என்று சொல்லுமா? 'உடைஞ்சிடுச்சும்மா' என்றுதான் சொல்லும். ஸ்பானியத்திலும் 'செ மெ ரொம்பியோ எல் வாசோ', கிளாஸ் தானாக உடைந்துகொண்டது, பாவம் நான் பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான். இதைப் படித்த அன்றைக்குத்தான் இந்த மொழி எனக்கு வந்துவிடும் என்று நம்பினேன்.

உச்சரிப்பில் இன்னொரு லாபம். 'பெரோ' என்றால் ஆனால், 'பெறோ' என்றால் நாய். ரகரத்தை லேசாகத் தட்டினால் ஒன்று, நாக்கை உருட்டினால் மற்றொன்று. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு டீச்சர் கரி, கறி என்று 'சின்ன ர'வையும் 'பெரிய ற'வையும் பிரம்பை வைத்துக்கொண்டு சொல்ல வைத்தது அன்றைக்கு எரிச்சலாக இருந்தது, பேச்சில் யார் பிரித்துச் சொல்கிறார்கள் என்று. பதினொரு வருஷம் கழித்து அதுதான் உதவியது. உச்சரிப்பை எல்லாரும் ஆங்கில எழுத்தில் குறித்துக்கொண்டபோது நான் தமிழில் எழுதிக்கொண்டேன். ஒன்றுமில்லை என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல்லை 'நாதா' என்று எழுதி 'அது' என்பதில் வருகிற 'த' மாதிரி வாசித்தால் அச்சு அசல் ஸ்பானியம். நாளை என்பது 'மஞானா', அதற்கு நம்மிடம் ஞ இருக்கிறது. என் நோட்டைப் பார்த்து ஒரு சீனத் தோழி, இது என்ன இரகசிய எழுத்தா என்று கேட்டாள்.

சரி, எல்லாம் சுலபம் என்று சொல்லி யாரையும் குழியில் தள்ள விரும்பவில்லை. உயர்திணை அஃறிணை படித்துவிட்டு வந்தவளுக்கு மேசை பெண், புத்தகம் ஆண் என்றால் எப்படி இருக்கும்? அதுவும் ஓகாரத்தில் முடிந்தால் ஆண் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு 'மானோ', அதாவது கை, பெண் என்பார்கள். இறந்தகால வினையில் இரண்டு வகை, அப்புறம் நடக்குமோ நடக்காதோ என்ற விஷயங்களுக்குத் தனி வினை வடிவம், இரண்டாம் வருஷம் அதில்தான் பலர் கழன்றுகொண்டார்கள். தமிழ் அங்கே கைகொடுக்காது, உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

மொழியைவிட மற்ற பாடங்கள்தான் என்னை ஆட்டிப்படைத்தன. மிளகாய் நம்முடையதே இல்லை, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியும். நம் முன்னோர் அந்தப் புதுக் காயைப் பார்த்து மிளகு மாதிரிக் காரமாக இருக்கிறதே என்று மிளகாய் என்றார்கள். ஸ்பானியர்களும் அதையேதான் செய்திருக்கிறார்கள், மிளகு அவர்களுக்குப் 'பிமியெந்தா', குடைமிளகாய் 'பிமியெந்தோ'. வேறு வேறு கரையில் இருந்த இரண்டு கூட்டம், ஒரே யோசனை.

அப்புறம் படையல். தீபாவளிக்கு முதல் நாள் நம் வீடுகளில் செத்துப்போனவர்கள் படத்துக்கு மாலை போட்டு, அவர்களுக்குப் பிடித்த ஆட்டுக்கறி, முறுக்கு, சில வீடுகளில் தாத்தாவுக்கு ஒரு ஸ்டவுட் பீர் பாட்டிலும் வைப்போம். மெக்சிகோவில் நவம்பர் 1, 2 தேதிகளில் 'தியா தெ முவெர்தோஸ்', இறந்தவர்கள் நாள். படம், மெழுகுவர்த்தி, ஒரு தம்ளர் தண்ணீர், செத்தவருக்குப் பிடித்த சாப்பாடு, சாராயம். எல்லாவற்றுக்கும் மேல் ஆரஞ்சு நிறப் பூவைக் கொட்டி வைப்பார்கள். அது வேறொன்றுமில்லை, பிரிக்பீல்ட்ஸ் மாலைக்கடைகளில் தொங்குகிற நம் செண்டுமல்லிதான், அதற்குச் சொந்த ஊரே மெக்சிகோ. வகுப்பில் அந்தப் படத்தைப் போட்டபோது மற்றவர்கள் மண்டையோட்டு மிட்டாயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், நான் அந்தத் தம்ளர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மூன்றாம் வருஷம் 'லா வொராஹினே' என்ற நாவலைப் பாடமாக வைத்தார்கள். கொலம்பியாக்காரர் ஹோசே எயுஸ்தாசியோ ரிவேரா எழுதியது, 1924-இல் வந்தது. அமேசான் காட்டுக்குள் கித்தா, அதாவது ரப்பர், பால் எடுத்தவர்களைப் பற்றியது. அங்கே தோட்டம் கிடையாது, காட்டில் சிதறிக் கிடக்கிற மரங்களைத் தேடித் தேடிப் போய்ப் பால் எடுக்க வேண்டும், வாங்கிய முன்பணம் அடையவே அடையாது, ஓடினால் சவுக்கடி. முதுகில் சவுக்குத் தழும்போடு ஒரு கிழவர் வருவார், மகனின் எலும்புகளுக்காகக் காடு காடாக அலைகிறவர். கதை என்று தள்ளிவிட முடியாது, புதுமாயோ ஆற்றுப் பகுதியில் ஊவிதோதோ பழங்குடி மக்களுக்கு நடந்த கொடுமைகளை பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மென்ட் விசாரித்து எழுதிய அறிக்கை 1912-இல் வெளியானது.

என் பாட்டி கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். வகுப்பில் பால் எப்படி எடுப்பார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை, இணையத்தில் படம் தேடிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் பாட்டியின் பால் வெட்டும் உளியையும் பால் பிடிக்கிற மங்கு ஒன்றையும் நெகிழிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். எந்தச் சாய்வில் கோடு இழுக்க வேண்டும், ஏன் வெயில் ஏறுமுன் வெட்ட வேண்டும், ஒட்டுப்பாலை எப்படி உரித்துச் சேர்ப்பார்கள் என்று ஸ்பானியத்தில் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. எனக்குத் தெரியாத சொல் பாதி, கையால்தான் காட்டினேன். அன்றைக்கு ராத்திரி பாட்டியிடம் அந்தக் கிழவர் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அங்கயும் பெரட்டு உண்டா?" என்று கேட்டார். விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, அந்தப் பெரட்டு.

1876-இல் பிரேசிலிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, அடுத்த வருஷம் சிங்கப்பூருக்கு வந்துதான் இங்கே கித்தாக்காடு உண்டானது. இங்கே நம் ஆட்கள் வெட்டிய பால் உலகச் சந்தையில் மலிவாக வந்து குவிந்ததும் அங்கே அந்த வியாபாரமே படுத்துவிட்டது. நமக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை என்று யார் சொன்னது? நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒரே மரத்தில் கட்டிப் போட்டிருக்கிறார்கள்.

வேலை? ஐயா முக்கியமாகக் கேட்டது அதுதான். பங்சார் சவுத்தில் ஒரு நிறுவனத்தில் மெக்சிகோ வாடிக்கையாளர்களின் கணக்கு வழக்கைப் பார்க்கிறேன். மொழிக்கென்று தனிப்படி உண்டு, கணக்கியல் படித்த தோழிகளைவிடச் சம்பளம் குறைவில்லை. ஆனால் மெக்சிகோ நகரம் நமக்குப் பதினான்கு மணி நேரம் பின்னால், அங்கே காலை ஒன்பது என்றால் இங்கே இரவு பதினொன்று. அம்மாவுக்கு இன்னும் இது பிடிக்கவில்லை, பொம்பளப் பிள்ளை ராத்திரியில் போவதா என்று. அதில் நியாயம் இருக்கிறது, உடம்பும் கெடுகிறது, நான் மறைக்கவில்லை. அரசாங்க வேலை என்று பார்த்தால் இந்தப் பட்டத்துக்கென்று தனி வழி எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த வேலையிலும் பாருங்கள், படித்தது எங்கே உதவுகிறது என்று. வாடிக்கையாளர் 'அஓரிதா அனுப்புகிறேன்' என்பார், அகராதியில் அது 'இப்போதே'. நாம் 'இதோ வந்துட்டேன்' என்று சொல்லிவிட்டு வீட்டில் குளிக்கப் போவோமே, அந்த இதோ. புதிதாகச் சேர்ந்தவர்கள் பத்து நிமிஷத்தில் மறுபடி கூப்பிட்டு வம்பை வாங்கிக்கொள்வார்கள். அவர்களுக்கு இரண்டு குடும்பப் பெயர், முதலில் அப்பா வழி, அடுத்து அம்மா வழி. கார்சியா மார்கேஸ் என்றால் கார்சியா அப்பாவுடையது. எங்கள் கணினியில் கட்டம் ஒன்றுதான், அதனால் தினமும் யாருடைய கணக்காவது காணாமல் போகும். அதை நான் பொறுமையாகத் தேடுவேன், ஏனென்றால் என் பெயரில் ஏ/பி-க்கு (இன்னாரின் மகள் என்பதன் மலாய்ச் சுருக்கம்) பின்னால் இருப்பது அப்பா பெயர், வெளிநாட்டு மின்னஞ்சல் எல்லாமே அப்பாவை விளித்துத்தான் வருகிறது.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். வருஷா வருஷம் எஸ்டிபிஎம் முடிவு வந்ததும் உங்கள் கல்விப் பக்கத்தில் மருத்துவம், பொறியியல், சட்டம், கணக்கியல் என்று நாலைந்தே வருகிறது. மொழிப் படிப்புகளுக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். முன்கூட்டி ஒன்றும் தெரிய வேண்டியதில்லை, நான் சேரும்போது 'ஓலா' தவிர எதுவும் தெரியாது. பட்டத்தோடு 'தெலே' சான்றிதழ்த் தேர்வையும் எழுதிவைத்தால் நல்லது, ஸ்பெயின் கல்வி அமைச்சின் பெயரில் செர்வாந்தேஸ் நிறுவனம் தருவது, ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலை, காலாவதியே ஆகாது. இதெல்லாம் எனக்கு மூன்றாம் வருஷத்தில்தான் தெரிந்தது.

கிள்ளான் ஐயா, மகளுக்குப் பிடிக்கவே இல்லை என்றால் நான் சொல்ல ஒன்றுமில்லை, கணக்கியலுக்கு மேல்முறையீடு செய்யுங்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் உங்களுக்கு என்ன வேண்டும் என்றுதான் இருந்தது, அவள் என்ன சொன்னாள் என்று ஒரு வரிகூட இல்லை. ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். சேர்வதென்றால் ஆசிரியர் குழுவிடம் என் எண் இருக்கிறது, கூப்பிடச் சொல்லுங்கள், பகல் இரண்டு மணிக்கு மேல், அதற்கு முன் தூங்கிக்கொண்டிருப்பேன். என் பெரிய அகராதியைத் தந்துவிடுகிறேன், பின்னட்டை மட்டும் இல்லை.

ஒரு வாசகி
செந்தூல், கோலாலம்பூர்