கோட்டைத் தாண்டிய பந்து

வியாசர்பாடி,
22.6.2024

அன்புள்ள பீட்டருக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. இந்தியா–கத்தார் ஆட்டத்தைப் பற்றி நீ அனுப்பிய ஒன்பது நிமிட வாய்ஸ் மெசேஜைக் கேட்ட பிறகு அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. ஒன்பது நிமிடமும் கத்தியிருக்கிறாய். நடுவில் உன் ரூம்காரர் யாரோ மலையாளத்தில் ‘மதி, மதி’ (போதும், போதும்) என்று கெஞ்சுவது வேறு கேட்கிறது. நானும் பதிலுக்கு வாய்ஸ் போட்டால் கத்தல்தான் வரும். அதனால் பேத்தியின் நோட்டிலிருந்து தாள் கிழித்து எழுதுகிறேன். அவள்தான் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவாள். படிக்காமல் அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன், படிப்பாள்.

ஊர்க் கதை பெரிதாக ஒன்றும் இல்லை. கத்திரி முடிந்தும் வெயில் விடவில்லை. சாயங்காலம் ஒரு தூறல் போட்டால் போதும், கிரவுண்டில் கோல் போஸ்ட்டுக்கு முன்னால் அந்தப் பழைய குட்டை கட்டிக்கொள்கிறது. கணேசபுரம் சப்வே மேல்பால வேலை இழுத்துக்கொண்டே போகிறது. என் முட்டி அதே முட்டிதான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

11-ஆம் தேதி ராத்திரி கத்தாரோடு நமக்கு உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். நீ தோஹாவில் ஜாசிம் பின் ஹமத் ஸ்டேடியத்தில் கொடியோடு உட்கார்ந்திருந்த நேரம், நாங்கள் முல்லை நகரில் கேரம் கிளப் வாசலில் இருந்தோம். போரிக் பவுடர் டப்பாவில் ஒரு செல்போனைச் சாய்த்து வைத்து அதற்கு முன்னால் பதினாலு தலை. எனக்கு வயசுக்கு மரியாதை கொடுத்து ஸ்டூல் போட்டார்கள், ஆனால் அங்கிருந்து பார்த்தால் ஒருத்தனின் காதுதான் தெரிந்தது. 37-ஆவது நிமிடம் நம்ம பிராண்டன் தள்ளிக் கொடுத்த பந்தை நம்ம சாங்தே உள்ளே அடித்தான் பார், எவனோ கேரம் போர்டில் ஓங்கி ஒரு குத்து விட்டான். காய் எல்லாம் சாக்கடையில். செவப்புக் காயை இன்னும் தேடுகிறார்கள்.

73-ஆவது நிமிடம் எங்கள் செல் சுற்ற ஆரம்பித்துவிட்டது. நெட்டு இல்லை. ‘ஏய் அசைக்காத’, ‘வைஃபையைப் போடுறா’ என்று ஆளாளுக்குக் கத்தி முடிப்பதற்குள் படம் வந்தது. வரும்போதே 1-1. என்ன நடந்தது என்றே தெரியாமல் மொறைத்துக்கொண்டு நின்றோம். உனக்கு அந்தச் சிக்கல் இல்லை, நேரில் பார்த்தாய். நாங்கள் ரீப்ளேயில்தான் பார்த்தோம். கத்தாரின் யூசுஃப் அய்மன் தலையால் முட்டுகிறான். நம் கீப்பர் குர்ப்ரீத் விழுந்து தடுக்கிறான். பந்து அவன் உடம்பை ஒட்டி உருண்டு எண்ட் லைனுக்கு வெளியே போகிறது. கார்னர்தான் என்று நம் பசங்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். இன்னொரு கத்தார்காரன் ஹாஷ்மி ஹுசைன் காலை விட்டு பந்தை உள்ளே இழுக்கிறான், அய்மன் தட்டிவிடுகிறான். முழுப் பந்தும் முழுக் கோட்டைத் தாண்டினால்தான் வெளியே என்பது சட்டம். இது தாண்டியிருந்தது. இடையில் புல் தெரிந்தது. அந்தச் சுற்றில் வீடியோ ரெஃப்ரியும் கிடையாது. கொரியாக்கார ரெஃப்ரி நடுமைதானத்தைக் கைகாட்டிவிட்டார், முடிந்தது கதை.

அநியாயம். அதில் எனக்கும் உனக்கும் பேச்சே இல்லை. நம் ஃபுட்பால் ஃபெடரேஷன் ஃபிஃபாவுக்கு எழுதியிருக்கிறதாம், விசாரிக்கச் சொல்லி. எழுதட்டும். அதற்குள் கோச் ஸ்டிமாச்சையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆனால், ‘நாட்டையே கவுத்துட்டானுங்கடா, அந்த ஒரு கோல்ல மொத்தமும் போச்சு’ என்று நாலு தடவை சொல்லியிருக்கிறாய். அங்கேதான் நான் உன்னோடு ஒத்துப்போக மாட்டேன். கேரம் கிளப் பசங்களிடமும் இதைச் சொல்லித்தான் திட்டு வாங்கினேன். ‘பெருசு, நீ கத்தார்காரனா?’ என்று கேட்டுவிட்டான் ஒருத்தன்.

கணக்கைப் பார். குரூப்பில் கத்தாருக்கு அடுத்த ரெண்டாவது இடத்துக்குத்தான் போட்டி. அன்று ஆட்டம் தொடங்கும்போது நமக்கு 5 பாயிண்ட், ஆப்கானிஸ்தானுக்கு 5, குவைத்துக்கு 4. அதே ராத்திரி குவைத் ஆப்கானிஸ்தானை 1-0 என்று ஜெயித்து 7-க்குப் போய்விட்டது. ஆக, அந்தத் திருட்டு கோலோடு ஆட்டம் 1-1 என்று முடிந்திருந்தாலும் நமக்கு 6 பாயிண்ட், வெளியேதான். ஜெயித்தே ஆக வேண்டும். திருட்டு கோல் விழுந்த பிறகு பதினேழு நிமிடம் இருந்தது, அதில் நாம் வாங்கியது இன்னொரு கோல். 85-இல் அல் ராவி போட்டதில் எந்தக் கோடும் இல்லை, எந்த ரெஃப்ரியும் இல்லை. அதுவும் கத்தார் ஏற்கெனவே அடுத்த சுற்றுக்குப் போய்விட்டு, சின்னப் பசங்களை இறக்கி விட்ட டீம்.

அதற்கு அஞ்சு நாள் முன்னால் கொல்கத்தாவில் என்ன ஆச்சு? நம் கேப்டன் சேத்ரியின் கடைசி ஆட்டம். அத்தனை ஜனம் அழுதது, நானும் இங்கே அழுதேன். ஆனால் குவைத்தோடு 0-0. அன்றைக்கு ஒரே ஒரு கோல் விழுந்திருந்தால் நமக்கு 7 பாயிண்ட். குவைத் கடைசியில் 6-ஓடு நின்றிருக்கும். தோஹாவில் தோற்றிருந்தாலும் வரலாற்றில் முதல் முறையாக மூன்றாவது சுற்றுக்குப் போயிருப்போம், ஆசியக் கோப்பைக்கும் நேராகப் போயிருப்போம். அதற்கும் முன்னால் மார்ச்சில் குவாஹாட்டி. சேத்ரியின் 150-ஆவது ஆட்டம், பெனால்டியில் அவரே கோல் போட்டு முன்னிலை வாங்கிக் கொடுத்தார். அப்புறம் கடைசி இருபது நிமிடத்தில் ஆப்கானிஸ்தானிடம் ரெண்டு வாங்கினோம், நம்ம ஊரில், நம்ம ஜனத்துக்கு முன்னால். நாம் தோற்றது குவாஹாட்டியில்டா. தோஹாவில் ரசீது கொடுத்தார்கள்.

கிரவுண்டில் மாஸ்டர் நமக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் என்ன? பந்தை எப்படி உதைப்பது என்றா? ‘விசில் ஊதுற வரைக்கும் நிக்காத.’ ஆறு வயசுப் பசங்களுக்கு இன்றைக்கும் முல்லை நகரில் அதைத்தான் சொல்கிறார்கள். அன்று நின்றார்கள். கோபத்தில் பாதி எனக்கு அதில்தான்.

மாஸ்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. உனக்குப் பீட்டர் என்று பேர் வைத்தவர் அவர்தானே. உன் கை நீளத்தைப் பார்த்து, பீட்டர் தங்கராஜ் ஞாபகத்தில் வைத்தார். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு ஆடியவர், 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய நம் டீமின் கீப்பர். தெருவில் மற்றவர்கள் உனக்கு இங்கிலீஷ் வருமென்று நினைத்துக்கொண்டார்கள், அது வேறு கதை. அந்த ஜகார்த்தா ஃபைனலை மாஸ்டர் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! இஸ்ரேலையும் தைவானையும் போட்டிக்கு விடாததை நம் நாட்டு அதிகாரி சோந்தி தட்டிக் கேட்டுவிட்டார் என்று ஊரே நம் மேல் காண்டாக இருந்தது. ஸ்டேடியம் முழுக்கக் கொரியாவுக்குக் கைதட்டல். ஜர்னைல் சிங் தலையில் தையலோடு வந்து கோல் போட்டார், பி.கே. பானர்ஜி ஒன்று, 2-1. ‘மொத்த கூட்டமும் எதிரா இருந்திச்சி, ரெஃப்ரி மேல பழி போடலியேடா’ என்று முடிப்பார். அப்போது கேட்கப் போரடித்தது.

ஒரு விஷயம் உனக்குச் சொல்ல வேண்டும். 2014-இல் ஜெர்மனியிடம் பிரேசில் 7-1 வாங்கிய விடியற்காலை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ லீவில் வந்திருந்தாய். மஞ்சள் ஜெர்சி போட்ட பசங்கள் கல்யாணபுரத்தில் நடுரோட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள், அர்ஜென்டினா கோஷ்டி தாரை தப்பட்டை எடுத்துக்கொண்டு வந்தது, போலீஸ் வண்டி வந்தது. நம்ம ஏரியாவைச் சின்ன பிரேசில் என்று பேப்பரில் போட்டுப் போட்டே இவனுங்களுக்கு ஏறிப்போச்சு. இந்த 11-ஆம் தேதி ராத்திரி அப்படி ஒன்றும் இல்லை. ஒருத்தன் அழவில்லை, ஒருத்தன் சண்டைக்குப் போகவில்லை. செல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஒவ்வொருத்தனாகப் போய்விட்டான். அந்த அமைதியைப் பார்த்ததும்தான் எனக்கு வயிற்றை என்னமோ செய்தது. பிரேசில் தோற்றால் அழுவது ஒரு விளையாட்டு. இது விளையாட்டு இல்லை, ஏனென்றால் இந்தியாவின் இந்த நீல ஜெர்சியை இவர்கள் கிட்டத்தில் பார்த்திருக்கிறார்கள். இந்தியாவுக்கு ஆடிய தனபால் கணேஷ் இந்தத் தெருவில் ஆடியவன். நந்தகுமாரும் நம்ம பையன்தான். போன வருஷம் டுராண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அந்த ஒரே கோலைப் போட்டு ஈஸ்ட் பெங்காலின் மானத்தைக் காப்பாற்றினானே, அன்றைக்கு இங்கே வெடி வெடித்தோம். கொல்கத்தாக்காரன் டீமுக்கு வியாசர்பாடியில் சரவெடி!

சரி, இதையெல்லாம் எழுதிக்கொண்டே இருப்பது ஒன்றைத் தள்ளிப்போடத்தான். எழுதிவிடுகிறேன்.

உன் மெசேஜில் ஏழாவது நிமிடத்தில் கேட்கிறாய்: ‘வெளிய போச்சுன்னு அவனுக்குத் தெரியும்டா. தெரிஞ்சும் இழுத்தான். அவன்லாம் நைட்ல எப்படித் தூங்குவான்?’

நல்லாத் தூங்குவான், பீட்டர். எனக்குத் தெரியும்.

1991 பொங்கல் செவன்ஸ் ஃபைனல், பக்கத்துக்கு ஏழு பேர். நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். லைன்ஸ்மேன் இல்லை. ரெஃப்ரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவிலேயே நின்றிருந்தார், அவருக்குத் தெரிந்திருக்காது. மத்தியானத்திலிருந்து மிதித்து மிதித்து சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்திருந்தது. ஆனால் உன் கோல் போஸ்ட்டை ஒட்டி மட்டும் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளையாக அப்படியே இருந்தது. நீ வலது பக்கம் விழுந்து தட்டினாய். பந்து உருண்டு அந்த வெள்ளைக்கு அப்பால் போனது. கோட்டுக்கும் பந்துக்கும் நடுவில் நாலு விரற்கடை சிவப்பு மண். அதில் ஒரு சோடா மூடி புதைந்து கிடந்தது, அதுகூட இன்னும் கண்ணில் நிற்கிறது. நீ படுத்தபடியே கையைத் தூக்கி ‘கார்னர்’ என்றாய். என் இடது கால் அதற்குள் போய்விட்டது.

கால் போனதற்கு நான் பொறுப்பில்லை என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். ஓடி வருகிற கால், அது பாட்டுக்குப் போகும். ஆனால் அதற்கப்புறம் சட்டையைக் கழற்றிச் சுற்றிக்கொண்டு மைதானத்தை ஒரு ரவுண்டு ஓடினேனே, அது கால் செய்தது இல்லை. ‘கோட்டு மேலதான் இருந்திச்சி’ என்று உன் அம்மாவிடம் சத்தியம் செய்தேனே, அதுவும் இல்லை. எட்டு மாசம் நீ என்னோடு பேசவில்லை. பேசியபோது, ‘போவுது வுடு, நான்தான் சரியா பாக்கலியோ இன்னாமோ’ என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உன் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து அதே பொய்யை மறுபடியும் சொல்லிச் சிரித்தேன். முப்பத்து மூணு வருஷமாக நன்றாகத்தான் தூங்குகிறேன். அன்று அந்த ரீப்ளேயில் ஹாஷ்மியின் கால் உள்ளே போனதும் மற்றவர்கள் எல்லாம் கெட்ட வார்த்தையில் கத்தினார்கள். நான் ஸ்டூலில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

இன்றைக்குத் தேதியைப் பார்த்தாயா? ஜூன் 22. 1986-இல் இதே நாள்தான் மெக்ஸிகோ உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக மாரடோனா கையால் தட்டி கோல் போட்டார். அந்தப் படத்தைச் சலூன் கண்ணாடியில் ஒட்டி வைத்துக் கும்பிட்டோம், நீயும்தான். அந்த ரெஃப்ரி துனிசியாக்காரர், பின்னாளில் மாரடோனா அவர் வீடு தேடிப் போய்க் கையெழுத்துப் போட்ட ஜெர்சி கொடுத்தார். ஏமாந்த ரெஃப்ரிக்கு ஜெர்சி. இங்கிலாந்து கீப்பர் ஷில்டன்? மாரடோனா செத்த பிறகும், ‘கடைசி வரைக்கும் மன்னிப்புக் கேட்கவில்லையே’ என்று சொன்னார் அவர். கீப்பர்கள் மறக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

அந்த ஃபைனலுக்குப் பரிசு ஆளுக்கு ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர், மூணு அடுக்கு, ஞாபகம் இருக்கும். என் வீட்டில் இன்றைக்கும் புழங்குகிறது. பேத்தி டியூஷனுக்குப் போகும்போது அதில்தான் தயிர்சாதம் போகிறது. அடியில் ‘வின்னர்ஸ் 1991’ என்று வெட்டியிருப்பது தேய்ந்து, ‘வின்’ மட்டும் படிக்கிற மாதிரி இருக்கிறது.

ஆடி மாசம் ஊருக்கு வருவதாகச் சொன்னாயே, வரும்போது அதை எடுத்துக்கொண்டு போ. உன் மனைவிக்கு என்ன காரணம் சொல்வது என்று நீயே யோசித்துக்கொள். நடு அடுக்கு கொஞ்சம் நசுங்கியிருக்கிறது, மூடி மட்டும் வேறே. பழைய மூடியை எங்கேயோ தொலைத்துவிட்டார்கள்.

உன்,
லெஃப்ட்டு