மோட்டாரை மாற்றும் முன் எர்த்தைப் பார்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்தது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனசு ஆறியது. இங்கே எல்லோரும் சுகம். பெரியவன் வேலை மாறிவிட்டான். இப்போது வீட்டிலிருந்தே வேலை என்பதால் பேரன் பெரும்பாலும் என்னோடுதான் இருக்கிறான்.

சரி, கார் விஷயம். ஜன்னல் கண்ணாடி திணறுகிறது, பேட்டரி இறங்கிவிடுகிறது, புளோயர் கடைசி ஸ்பீடில் மட்டும் ஓடுகிறது, பிரேக் மிதித்தால் டாஷ்போர்டு விளக்கு எரிகிறது என்று நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒர்க்‌ஷாப்பில் பவர் விண்டோ மோட்டாரையும் பேட்டரியையும் மாற்றச் சொன்னார்களாமே, கொஞ்சம் பொறு. பழைய காரில் பாகங்களைவிட இணைப்புகள்தான் அதிகம் கெடும். இத்தனை வருஷ ஈரமும் அதிர்வும் போல்ட்டுக்கு அடியிலும் கனெக்டருக்குள்ளும்தான் முதலில் வேலையைக் காட்டும். அளந்து பார்க்காமல் எதையும் வாங்காதே.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. ஃபியூஸ் பாக்ஸ் மூடியில் 15 ஆம்பியர் என்று எழுதியிருக்கும் இடத்தில் பச்சை ஃபியூஸ் இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். எனக்கு அதுதான் பயம். பச்சை என்றால் 30 ஆம்பியர், 15க்கு நீலம். ஃபியூஸ் இருப்பது ஒயரைக் காப்பாற்றத்தான். 15 ஆம்பியருக்குப் போட்ட ஒயரில் எங்காவது ஷார்ட் ஆனால் இந்தப் பச்சை ஃபியூஸ் போவதற்குள் ஒயர் சூடாகி உருகிவிடலாம், அதுவும் கார்பெட்டுக்கு அடியில். இன்றைக்கே மாற்றிவிடு. நீலம் போட்டு அதுவும் போனால், அந்த லைனில் என்ன கோளாறு என்று தேடலாம்.

அப்புறம் அந்த டாஷ்போர்டு விளக்கு. லைட் சுவிட்ச் ஆஃப், ஆனாலும் பிரேக்கை மிதித்தால் மீட்டர் விளக்கு மங்கலாக எரிகிறது. இதைப் படித்ததும் பின்விளக்கின் எர்த் மேல்தான், அதாவது கரண்ட் காரின் பாடி வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பின் மேல்தான், எனக்குச் சந்தேகம் வந்தது. அந்த பல்புக்குள் இரண்டு இழைகள்: பிரேக்குக்கு 21 வாட், பின்விளக்குக்கு 5 வாட். இரண்டுக்கும் எர்த் ஒன்றுதான். அது துருப்பிடித்துவிட்டால் பிரேக் இழை வழியாக வந்த கரண்டுக்குத் திரும்பிப் போக வழியில்லை. அடுத்த இழைக்குள் புகுந்து, பின்விளக்கு லைனில் பின்னோக்கி ஓடி, மீட்டர் விளக்கு வழியாக எர்த்தைத் தேடிப் போகிறது.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வை. கறுப்பு முனையை நீளமான ஒயர் வைத்து பேட்டரியின் நெகட்டிவில் சேர்த்துவிடு. சிவப்பு முனையைப் பின்விளக்கின் எர்த் பின்னில் வைத்து, யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். 0.2 வோல்ட்டைத் தாண்டினாலே அந்த எர்த் சரியில்லை. போல்ட்டைக் கழற்றி, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கிவிடு. கரண்ட் ஓடும்போது அளப்பதுதான் முக்கியம். கரண்ட் ஓடாமல் ஓம்ஸில் வைத்து தடையை அளந்தால் ஏமாந்துபோவாய்: ஒயருக்குள் ஒரே ஒரு கம்பி இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் நல்ல ஒயர் என்றுதான் சொல்லும். மோட்டாரின் பாரத்தை அந்த ஒற்றை இழை எப்படித் தாங்கும்?

கண்ணாடிக்கும் இதே வழிதான். கதவின் உள்பேனலைக் கழற்றி, சுவிட்சை அழுத்திக்கொண்டே மோட்டார் கனெக்டரில் வோல்ட் பார். பேட்டரியில் 12.5 இருக்கும்போது அங்கே 9தான் வருகிறதென்றால் மோட்டார் மேல் குற்றமில்லை, வழியில் எங்கோ தின்னப்படுகிறது. சுவிட்சாக இருக்கலாம். கதவுக்கும் பாடிக்கும் நடுவே ரப்பர் குழாய்க்குள் போகும் ஒயராகவும் இருக்கலாம். கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி, மேலுறை அப்படியே இருக்க உள்ளே கம்பி முறிந்திருக்கும். கதவை மெல்ல அசைத்தபடி சுவிட்சை அழுத்தினால் காட்டிக்கொடுத்துவிடும். வோல்ட் சரியாக வந்தும் கண்ணாடி திணறினால், ஓரத்து ரப்பரில் சிலிக்கான் ஸ்ப்ரே அடித்துப் பார்த்துவிட்டுத்தான் மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டும்.

புளோயர், அதான் காற்று ஊதும் ஃபேன், கடைசி ஸ்பீடில் மட்டும் ஓடுவது பெரும்பாலும் அதன் ஸ்பீடைக் குறைக்கும் ரெசிஸ்டர் போனதால்தான். அதை மாற்றினால் போதும்.

பேட்டரி இறங்குவதற்குப் பழைய ஓனர் மாட்டிய ஸ்டீரியோவைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அதற்கு இரண்டு பாசிட்டிவ் ஒயர்: நேரமும் ஸ்டேஷனும் மறக்காமலிருக்க எப்போதும் கரண்ட் வரும் ஒன்று, சாவி திருப்பினால் வருவது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக முறுக்கி வைத்திருந்தால் ரேடியோ தூங்கவே தூங்காது. பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, மல்டிமீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் சாக்கெட்டில் போட்டு, ஆம்பியர் அளக்கும் நிலையில் வைத்து, அந்தக் கேபிளுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே சேர். காரைப் பூட்டிவிட்டு அரை மணி நேரம் விடு. 50 மில்லிஆம்பியருக்குக் கீழே இறங்கினால் நல்லது. இறங்காவிட்டால் ஃபியூஸை ஒவ்வொன்றாக உருவு. எதை எடுத்ததும் சட்டென்று குறைகிறதோ அந்த லைனில்தான் கசிவு. அரை ஆம்பியர் ஓடினால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் ஹவர் போய்விடும். அப்படியிருந்தால் புது பேட்டரியும் சில நாளில் படுத்துவிடும். மீட்டர் நடுவே இருக்கும்போது மறந்தும் ஸ்டார்ட் செய்துவிடாதே.

இந்தக் காரை நீ விற்காமல் வைத்திருப்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம், முரளி. எர்த்தில் எத்தனை வோல்ட், மோட்டாரில் எத்தனை, பூட்டிய பிறகு எத்தனை மில்லிஆம்பியர் என்று குறித்து அனுப்பு. அதுவரை மோட்டாருக்கு ஆர்டர் கொடுக்காதே.

அன்புடன்,
கணேசன்