காதால் துப்பறியும் சுகம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 1930களிலிருந்து 1960களின் தொடக்கம் வரை அமெரிக்க வானொலியில் ஒலிபரப்பான துப்பறியும் நாடகங்களை இன்று தேடிப்பிடித்துக் கேட்பவர்களைப் பழமை மோகம் பிடித்தவர்கள் என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அந்தக் காலத்தையும் அந்த ஊர்களையும் கண்ணால் கண்டிராத என்னைப் போன்றவர்களும் அவற்றில் ஆழ்ந்துபோகிறோம் என்பதால், இந்த ஈர்ப்புக்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

துப்பறிபவனுக்கு எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவுதான் வானொலியில் நமக்கும் தெரியும். 1949இல் என்.பி.சி. வானொலியில் தொடங்கிய ‘டிராக்நெட்’ நாடகத்தில் ஜாக் வெப் நடித்த சார்ஜன்ட் ஃப்ரைடே ஒரு கதவைத் தட்டும்போது, உள்ளிருந்து நெருங்கிவரும் காலடிகளை வைத்தே வருபவரின் வயதையும் தயக்கத்தையும் நாம் கணிக்கத் தொடங்கிவிடுகிறோம். லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறையின் உண்மை வழக்குகளைத் தழுவிய அந்த நாடகத்தில் யாரும் குரலை உயர்த்திப் பேசுவதில்லை. அந்த அடக்கமே பதைபதைப்பைக் கூட்டுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது, 1949 முதல் 1962 வரை ஒலிபரப்பான ‘யுவர்ஸ் ட்ரூலி, ஜானி டாலர்’. காப்பீட்டு மோசடிகளை விசாரிக்கும் நாயகன், தன்னை அமர்த்திய நிறுவனத்திற்கு அனுப்பும் செலவுக் கணக்காகவே முழுக் கதையையும் சொல்கிறான். டாக்சிக் கட்டணம் இத்தனை டாலர் என்று அவன் படித்து முடிப்பதற்குள் இன்ஜின் இரைச்சல் எழுந்து, நாம் அடுத்த காட்சிக்குப் போய்விட்டிருப்போம். காட்சி மாற்றம் என்ற தொல்லையை ஒரு ரசீதைக் கொண்டு தீர்த்த எழுத்தாளர்களின் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது! 1955இல் பாப் பெய்லி அந்த வேடத்தை ஏற்றபின், ஓராண்டுக்கும் மேலாக, பெரும்பாலும் வாரத்திற்கு ஒரு வழக்காக, திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்குக் கால் மணி நேரம் நாடகம் ஒலித்தது. அரை மணி நேரத்தில் அவசரமாகக் குற்றவாளியைப் பிடித்துக் கொடுக்கும் வழக்கமான நாடகங்களில் இல்லாத நிதானமும், சந்தேகத்திற்குரியவர்களின் குணங்களை நின்று பார்க்கும் பொறுமையும் அதில் உண்டு.

குறைகளும் இல்லாமலில்லை. பெண்கள் பெரும்பாலும் அழும் விதவைகளாகவோ ஆளை மயக்கும் வஞ்சகிகளாகவோதான் வருகிறார்கள். ஒரே நடிகர்கள் நாடகத்துக்கு நாடகம் மாறிமாறி நடிப்பதால், பழகிய காதுக்குச் சில சமயம் குரலே குற்றவாளியைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஒருமுறை துணி மடித்துக்கொண்டே கேட்டபோது ஒரு வரியைத் தவறவிட்டு, முடிவு நியாயமற்றது என்று சலித்துக்கொண்டேன். மறுபடி கேட்டபோது, துப்பு அந்த ஒற்றை வரியில்தான் இருந்தது. ஆகவே, தங்கள் வார இறுதிப் பக்கங்களில் இந்நாடகங்களுக்குச் சிறிது இடம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். புதிதாகக் கேட்க விரும்புவோர் பாப் பெய்லியின் ஐந்து பகுதித் தொடர்களிலிருந்து, கைவேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல், தொடங்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்