உன் ஓட்டையும் சேர்த்து நாலு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நைனா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. தம்பிக்கு இந்த மாதம் நைட் ஷிப்ட்.

ஞாயிற்றுக்கிழமை போனில் "எலெக்‌ஷனுக்கு லீவு போட்டு வரட்டுமா, வந்தால் யாருக்குப் போடணும்" என்று கேட்டாய். நான் பிடி கொடுக்காமல் பேசினேன். கோபித்துக்கொள்ளாதே. சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அவர் எதிரில் பேசியிருந்தால் சண்டையில்தான் முடிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டியூட்டிக்கு நடுவில் பாதி படித்துவிட்டு வைத்துவிடுவாய். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். ரூமுக்குப் போய் நிதானமாகப் படி.

போன வாரம் சித்தப்பா என்னை நம் சாதிச் சங்கத்துக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். இங்கே பெங்களூரில் மாநகராட்சித் தேர்தலுக்கு நம் வார்டில் நம் சாதிக்காரர் ஒருவர் நிற்கப் போகிறார். நம் பழைய ஊரான கோலார் தங்கவயல்காரர்தான், அவர் அப்பாவும் உன் தாத்தாவும் அங்கே தங்கச் சுரங்கத்தில் ஒரே ஷிப்டில் வேலை செய்தவர்கள். பேச்செல்லாம் முடிந்து, பந்தி போடுவதற்கு முன்னால், ஒரு பையன் நீளமான நோட்டுப் புத்தகத்தோடு வந்தான். "வீட்டுல எத்தனை ஓட்டுண்ணே?" நான் வாய் திறப்பதற்குள் சித்தப்பா "நாலு" என்றார். "பொண்ணு டெல்லியில இருக்குதே" என்றேன். "டிக்கெட் போட்டுக் குடுத்துடலாம், வந்துடும்" என்று சொல்லிக்கொண்டே அவன் நாலு என்று எழுதிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டான். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அது மனசில் குத்தியது.

நான் எழுந்து கேட்டேன். தெரு முனையில் ராஜகாலுவேயை, அதாவது பெரிய மழைநீர்க் கால்வாயை, வெட்டிப் போட்டு இரண்டு வருஷமாக அப்படியே கிடக்கிறது, பெரிய மழை பெய்தால் வீட்டுக்குள் முழங்கால் அளவு சாக்கடை நிற்கிறது, ஜெயித்தால் இதற்கு என்ன செய்வீர்கள் என்று. மேடையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "முதல்ல நம்ம ஆளு உள்ள போகட்டும்ண்ணே, மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்." எல்லோரும் கை தட்டினார்கள்.

இந்தப் பேச்சை நான் முன்பே கேட்டிருக்கிறேன், பாப்பா. தங்கவயலில், இதே வார்த்தைகளில்.

உனக்குத் தங்கவயல் என்றால் பாட்டி வீடும் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடும்தான் ஞாபகம் இருக்கும். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடியபோது நீ கைக்குழந்தை. 1880இல் வெள்ளைக்காரக் கம்பெனி ஆரம்பித்த வேலை அது. 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்துக் கரண்டு கொண்டுவந்தார்கள். பெங்களூரில் விளக்கு எரிந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்துத்தான். பேத்தமங்கலம் ஏரியிலிருந்து தண்ணீர் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். உன் தாத்தாவும் நானும் இறங்கிய குழி அது. சுரங்கத்துக்குள் சாதியே கிடையாது என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். நம்பாதே. அடியில் பாறை உடைத்தவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். தொழிலாளிகளுக்குக் கம்பெனி வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில்கூடச் சாதிக்கு ஒரு பக்கம் இருந்தது.

மூடப்போகிறார்கள் என்பது ஒரே நாளில் தெரிந்த விஷயம் இல்லை. பல வருஷமாகவே பேச்சு. தங்கம் குறைந்துவிட்டது, எடுக்கிற செலவு விற்கிற விலையைத் தாண்டுகிறது என்று டீக்கடையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் தெரியும். அதற்குள் எத்தனை தேர்தல் வந்து போனது! ஒரு தேர்தலிலாவது "மூடினால் இந்த ஊருக்கு அடுத்த பிழைப்பு என்ன" என்று வேட்பாளரை நிற்கவைத்துக் கேட்டோமா? கேட்கவில்லை. தனித் தொகுதி, நிற்கிற எல்லோருமே பட்டியல் சாதிக்காரர்கள். அப்படியும் அதற்குள் வலங்கைப் பிரிவா இடங்கைப் பிரிவா என்று பார்த்தோம். தமிழா தெலுங்கா என்று பார்த்தோம். எந்த லைன், எந்தச் சர்ச் என்று பார்த்தோம். நான் மூன்று தடவை நம் வகையறா ஆளுக்கே போட்டேன். வீடு வீடாகப் போய் ஓட்டும் கேட்டேன். அவர் ஜெயித்த ராத்திரி நாமே ஜெயித்த மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷம் பொய் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். கூழுக்கு அலைந்த குடும்பத்துப் பிள்ளை மாலையோடு ஜீப்பில் வந்தால் யாருக்குத்தான் நெஞ்சு நிறையாது?

அப்புறம் குழியை மூடினார்கள். மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயில் பிடித்து, நூறு கிலோமீட்டர் பெங்களூருக்கு வந்து, ஒரு அபார்ட்மென்ட் வாசலில் செக்யூரிட்டியாக நின்றேன். ராத்திரி நான் வீட்டுக்கு வரும்போது நீ தூங்கியிருப்பாய். நீ பேசக் கற்றுக்கொண்ட வருஷம் நான் உன்னை விழித்திருக்கப் பார்த்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். எட்டு வருஷம் அப்படி ஓடியது, அதற்கு மேல் உடம்பு தாங்காமல்தான் பெங்களூர் கிருஷ்ணராஜபுரத்துக்கே குடிவந்தோம். இன்றைக்கும் அந்த ரயிலில் நிற்க இடம் கிடைக்காது. நம் வகையறா ஆள் ஜெயித்தாரா தோற்றாரா என்பதால் அந்த ரயிலில் ஒரு பெட்டி கூடவில்லை, ஊரில் ஒரு தொழிற்சாலை வரவில்லை.

ஒன்றை நீ தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சாதியைப் பற்றியே பேசாதே என்று நான் சொல்லவில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்குக் கிளை வைத்து நடத்திய ஊர் நம் ஊர். சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் ராத்திரியில் விளக்கு வைத்துக்கொண்டு படித்த ஊர். அவர்கள் சாதி என்ற அமைப்பையே ஒழிக்க நினைத்தார்கள். உனக்கு நர்சிங் சீட் கிடைத்த இடஒதுக்கீடும் அப்படிப்பட்டவர்கள் போராடி வாங்கியது, அதை ஒருவன் தொட்டால் நான் தெருவில் இறங்குவேன். நோட்டுப் புத்தகத்தில் தலையை எண்ணி யாரிடமோ பேரம் பேசுவது வேறு காரியம். இரண்டையும் ஒன்றாகக் கட்டி நம்மை மடக்கப் பார்க்கிறார்கள்.

சித்தப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். "நம்ம ஆளு இல்லன்னா நம்ம தெருவ எவன் எட்டிப் பாப்பான்?" என்கிறார். உண்மைதான். நல்ல ரோடும் குழாயும் கடைசியாக வருவது எப்போதுமே நம் தெருக்களுக்குத்தான். ஆனால் அந்த நோட்டுப் புத்தகத்தையே யோசித்துப் பார். நாலு என்று எழுதியாகிவிட்டது. எழுதி முடித்த ஓட்டுக்காக அந்த மனிதர் எதற்கு உழைக்க வேண்டும்? அவர் உழைப்பது இன்னும் எழுதப்படாத ஓட்டுக்காகத்தான். எதிர்த்து நிற்பவரும் "அது அவங்க தெரு" என்று நம் பக்கம் வரவே மாட்டார். இரண்டு பேருமே நம்மைக் கணக்குத் தீர்த்து வைத்துவிடுகிறார்கள். தங்கவயலில் எங்களுக்கு நடந்தது இதுதான். புரிந்துகொள்ள எனக்கு இருபது வருஷம் ஆனது.

அதே கோலார் மாவட்டத்தில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுகூட இல்லாத மாவட்டம். ஆயிரம் அடிக்கு மேல் போர் போட்டாலும் ஃபுளோரைடு கலந்த தண்ணீர்தான் வரும். 2016இல் கோலார், சிக்கபள்ளாபூர் விவசாயிகள் நிரந்தர நீர்ப்பாசனம் கேட்டு டிராக்டர்களை ஓட்டிக்கொண்டு பெங்களூருக்குக் கிளம்பினார்கள். அந்த டிராக்டர்களில் ஒரே சாதிக்காரர்கள் உட்கார்ந்து வரவில்லை. வறண்டுபோன ஏரிகளுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்தார்கள். 2018இல் பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோரமங்கலா-சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டத்தில் கோலார் ஏரிகளுக்கு விட்டார்கள். இரண்டு கட்டம் மட்டும் சுத்திகரித்தால் போதாது, மூன்றாவது கட்டமும் வேண்டும் என்று இன்னும் சண்டை நடக்கிறது. நியாயமான சண்டை. ஆனால் வருஷக்கணக்காகக் காய்ந்து கிடந்த ஏரியில் தண்ணீர் நிற்கிறது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போகும் வழியில் பஸ்ஸிலிருந்து பார்த்தேன்.

வட கர்நாடகத்திலும் அப்படித்தான். தெரு முனையில் நீலத் தார்ப்பாய்க் கொட்டகை போட்டிருக்கும் ராய்ச்சூர்க் குடும்பம் உனக்குத் தெரியும். அந்தப் பக்கத்துக்காரர்கள் வைஜநாத் பாட்டீல் போன்றவர்களோடு சேர்ந்து எத்தனையோ வருஷம் போராடித்தான் அந்த வட்டாரத்துக்கென்று அரசியல் சட்டத்தில் 371ஜே என்ற தனிச் சலுகைப் பிரிவை வாங்கினார்கள், 2012இல் பார்லிமென்டில் நிறைவேறியது. அதற்கும் முன்னால் 2002இல் நஞ்சுண்டப்பா கமிட்டி கர்நாடகத்தின் 175 தாலுகாக்களையும் கணக்கெடுத்து 114 பின்தங்கியவை, அவற்றில் 39 மிகவும் பின்தங்கியவை என்று எழுதிக் கொடுத்தது. ஆஸ்பத்திரி எங்கே இல்லை, பள்ளிக்கூடம் எங்கே இல்லை என்று ஊர் ஊராக அளந்தார்கள். அந்தக் கொட்டகைக்காரர் இன்னும் இங்கேதான் சிமென்ட் சுமக்கிறார் என்பதும் உண்மை. ஆனால் கேட்பதற்கு அவர் கையில் ஒரு கணக்காவது இருக்கிறது.

நம் நகரத்து நிலைமை உனக்குத் தெரியும். 2015இல் மாநகராட்சித் தேர்தல் நடந்தது, 2020 செப்டம்பரில் கவுன்சிலர்கள் காலம் முடிந்தது. அதற்கப்புறம் வருஷக்கணக்காக வார்டில் கேட்க நாதியில்லை. 2025இல் ஐந்து மாநகராட்சியாகப் பிரித்தார்கள். 2024 மார்ச்சில் நகரத்தின் பதினாலாயிரம் அரசு போர்வெல்லில் ஏறக்குறைய பாதி வற்றியபோது அம்மா ராத்திரி பதினோரு மணிக்குக் குடத்தோடு டேங்கருக்குக் காத்திருந்தாள். முழங்கால் வலி அப்போது வந்ததுதான். இத்தனை வருஷம் கழித்து ஒரு ஓட்டு கைக்கு வருகிறது. அதையும் நோட்டில் எழுதிக் கொடுத்துவிட எனக்கு மனசு வரவில்லை.

யாருக்குப் போடு என்று நான் சொல்ல மாட்டேன். சங்கத்து ஆளே காலுவேக்குத் தெளிவாகப் பதில் சொன்னால் அவருக்கே போடு, எனக்குச் சந்தோஷம்தான். சொல்லாவிட்டால் போடாதே. சித்தப்பா கோபித்துக்கொண்டால் நான் சமாதானம் செய்துகொள்கிறேன்.

ஒரு உதவி வேண்டும். அந்தக் காலுவே மூன்று தெருவுக்குப் பக்கத்தில் போகிறது. சைக்கிள் கடை பாயும், எதிர்வீட்டுத் தெலுங்கு டீச்சரும், நானும் மூன்று சாயங்காலம் உட்கார்ந்து பேசினோம். மூன்று தெருவும் சேர்ந்து ஒரே மனு, நிற்கிற எல்லோரிடமும் கொடுத்துக் கையெழுத்துப் போட்டு வாங்குவது என்று முடிவு. காலுவே எந்த மாதத்துக்குள் முடியும், காவேரிக் குழாய் எப்போது வரும், குப்பை வண்டி எந்தக் கிழமை வரும், இந்த மூன்று கேள்விதான். எனக்குக் கன்னடம் பேச வருமே தவிர எழுத வராது. பாய்க்கும் அப்படியே. டீச்சர் எழுதிக் கொடுத்தார், எழுத்துப்பிழை இருக்கும்போல என்று அவரே தயங்குகிறார். நீ பத்தாவது வரை கன்னடத்தில் படித்தவள். மனுவை இதோடு வைத்திருக்கிறேன். திருத்தி, அழகாகத் திரும்ப எழுதி, போட்டோ எடுத்து அனுப்பு. ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும்.

உன் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது, தம்பி பார்த்துவிட்டான். அட்டை பீரோவில் உன் பள்ளிச் சான்றிதழ்களோடு பத்திரமாக இருக்கிறது. லீவு கிடைத்தால் வா. டிக்கெட் நான் எடுக்கிறேன், சங்கத்துக் காசு வேண்டாம்.

அன்புடன்,
நைனா