புகைபோக்கிக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்?

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். காதுகுத்துக்கு வரும்போது மக்ரூன் வாங்கி வை. எனக்குச் சர்க்கரை என்று மீனாட்சி சொல்வாள், காதில் போட்டுக்கொள்ளாதே.

அப்புறம், 2025 ஜூலையில் பெரும்பாலான அனல்மின் நிலையங்களுக்குப் புகையிலிருந்து கந்தகம் பிடிக்கும் எஃப்.ஜி.டி. கருவி வைப்பதிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டார்கள், இதில் மருந்துக் கம்பெனிக்காரன் உனக்கு என்னடா நஷ்டம் என்று கேட்டிருந்தாய்.

தண்ணீர் செக்‌ஷன்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? எங்கள் ஆலத்தூர் கம்பெனியில் மாத்திரையோ ஊசிமருந்தோ, எதற்கும் முதல் சரக்கு தண்ணீர்தான். சாஃப்ட்னர், ஆர்.ஓ., இ.டி.ஐ. என்று உப்பு நீக்கும் மெஷின்களில் வரிசையாக ஓட்டி, 25 டிகிரியில் கண்டக்டிவிட்டியை, அதாவது கரைந்த உப்பைக் காட்டிக்கொடுக்கும் மின்கடத்தும் அளவை, சென்டிமீட்டருக்கு 1.3 மைக்ரோசீமென்ஸுக்குள் கொண்டுவர வேண்டும். மீட்டர் தாண்டினால் அத்தனையும் டிரெய்னுக்குப் போகும். பிடிக்காமல் விட்ட கந்தகப் புகை மழையில் கலந்து அமில மழையாகப் பெய்தால் ஏரியில் சல்ஃபேட் ஏறும், மண்ணிலிருக்கும் சுண்ணாம்பும் கரைந்து வரும், ஆர்.ஓ.வில் வடிகட்டும் மெம்பிரேன் சீக்கிரம் அடைக்கும். மொட்டைமாடியில் துத்தநாகம் பூசிய காற்றுக் குழாய் அரிப்பதெல்லாம் சில்லறைச் செலவு.

நான் பயப்படுவது அலுமினியத்துக்கு. களிமண்ணில் சும்மா கிடப்பது, தண்ணீர் புளித்தால் கரைந்து இறங்கிவிடும். சுவீடன் ஏரிகளில் அது மீனின் செவுளில் படிந்து மீன்கள் செத்தன. 1970களிலிருந்து அங்கே ஏரிக்குள் சுண்ணாம்பு கொட்டுகிறார்கள். அதே 70களில் மேல்நாடுகளில் டயாலிசிஸ் நோயாளிகள் சிலருக்குப் பேச்சு குழறி, புத்தி தடுமாறியது. காரணம் தண்ணீரிலிருந்த அலுமினியம். அங்கே அது பெரும்பாலும் சுத்திகரிப்புக்குப் போட்ட படிகாரத்திலிருந்து வந்தது. வழி வேறு, விஷம் அதேதான். இன்றைக்கு டயாலிசிஸ் திரவம் செய்யும் தண்ணீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது.

நியாயமாகப் பார்த்தால் நம் ஊர் மழை இன்னும் அவ்வளவு மோசமில்லை. காற்றில் பறக்கும் புழுதியில் சுண்ணாம்பு இருப்பதால் அதுவே அமிலத்தை முறித்துவிடுகிறது. ஆனால் ரோடெல்லாம் சிமெண்ட் போட்டு, உங்கள் அனல்மின் நிலையத்துப் புகையிலிருந்து ஈ.எஸ்.பி. கருவியில் சாம்பலையும் பிடித்துக்கொண்டு, கந்தகத்தை மட்டும் மேலே விட்டால் முறிப்பதற்கு என்ன மிஞ்சும்? செலவு மிச்சம் என்கிறாய். ஒரு புகைபோக்கியில் பிடிக்காததை நாளைக்கு ஒவ்வொரு கம்பெனியும் தன் தண்ணீர் ரூமில் காசு போட்டுப் பிடிக்கும். மருந்து விலையில்தான் அது ஏறும்.

சரி, உங்கள் நிலக்கரியில் கந்தகம் எத்தனை சதவீதம்? இறக்குமதிக் கரி எவ்வளவு கலக்கிறீர்கள்? லேப்பில் கேட்டு மறக்காமல் எழுது.

அன்புடன்,
சேகர்