பிரட்டுக்களத்தில் வாசிக்கப்பட வேண்டிய கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கத் தேர்தல்களில் கோடீஸ்வரர்களின் பணமும் சாதாரண மக்கள் தரும் சிறு தொகைகளும் போட்டியிடுவதைப் பற்றி நம் நாளிதழ்களில் அவ்வப்போது எழுதப்படுகிறது. இலங்கை மலையக வாசகர்கள் பலர் அதைத் தூரத்து விவகாரம் என்று கடந்து போய்விடுவார்கள். பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், இறப்பு நேர்ந்த வீட்டுக்கு உதவும் மரணாதார சங்கத்தில் 11 ஆண்டுகளாகப் பொருளாளராக இருந்து, தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயம் லயமாகச் சந்தா சேர்த்து வருபவன் என்ற முறையில் என்னால் அப்படிக் கடந்து போக முடியவில்லை.

அங்கு 2024 தேர்தலில் தனிநபர் ஒருவர் ஒரு வேட்பாளருக்கு நேரடியாக வழங்கக்கூடிய தொகை, ஒரு தேர்தலுக்கு 3,300 டொலர் என வரையறுக்கப்பட்டிருந்தது. ஆனால், வேட்பாளரைச் சாராமல் தனித்து மேற்கொள்ளப்படும் பிரசாரத்துக்குக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் எவ்வளவும் செலவிடலாம் என்று 2010 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததன் பின்னர், முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்து வைத்தது போலாகிவிட்டது. 2024 இல் கோடீஸ்வரர் எலோன் மஸ்க் ஒருவரே 25 கோடி டொலருக்கு மேல் கொட்டினார். மறுபக்கத்தில், 2016 இல் ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக முயன்ற பேர்னி சாண்டர்ஸ் தமக்குக் கிடைத்த நன்கொடையின் சராசரி 27 டொலர்தான் என்று மேடைதோறும் சொன்னார். அவருக்குக் கட்சியின் வேட்பாளர் நியமனம் கிடைக்கவில்லை. எனினும், செல்வந்தர் வீட்டு விருந்துகளுக்குப் போகாமலேயே நாடு முழுவதும் பிரசாரம் செய்ய முடியும் என்பதை அவர் காட்டினார்.

என்னை அதிகம் கவர்ந்தது நியூயோர்க் மாநகரின் ஏற்பாடு. அத்திட்டத்தில் சேரும் மாநகரசபை வேட்பாளருக்கு நகரவாசி ஒருவர் தரும் சிறு தொகையில், தகுதி பெறும் ஒவ்வொரு டொலருக்கும் மாநகரம் 8 டொலரைச் சேர்த்துக் கொடுக்கிறது. 10 டொலர் தரும் பெட்டிக்கடைக்காரரின் பணம் இவ்வாறு 90 டொலராகிவிடுவதால், வேட்பாளர் அவருடைய கதவையும் தட்டியே ஆக வேண்டியிருக்கிறது. (சிறு நன்கொடை என்றாலே நல்லவர்களுக்குத்தான் போகும் என்று நான் நம்பவில்லை. மேடையில் உரத்துக் கத்துபவருக்கும் அது நன்றாகவே சேருகிறது.)

நமது நாட்டில் தேர்தல் செலவுக்கு நீண்ட காலமாக உச்சவரம்பே இருக்கவில்லை. 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவினங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம்தான் அதைக் கொண்டுவந்தது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபாய் என வரையறுக்கப்பட்டது. 109 ரூபாய் சிறு தொகையாகத்தான் தெரிகிறது. ஆனால் சுமார் 1 கோடி 71 இலட்சம் வாக்காளர்களால் அதைப் பெருக்கினால், ஒரு வேட்பாளர் 186 கோடி ரூபாய்வரை செலவிடலாம் என்றாகிறது. 2024 இல் நாளொன்றுக்கு இருந்த 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில், ஆண்டுக்கு 300 முழுப் பேர் (முழு நாள் வேலைப் பதிவு) விழுந்தாலும், அந்தத் தொகையைச் சம்பாதிக்க நம் பெண் ஒருவர் 4,500 ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறிக்க வேண்டும். இவ்வளவு பணத்தை யார் கொடுக்கிறார், எதற்காகக் கொடுக்கிறார் என்பதுதான் கேள்வி. முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் செலவுடன் நன்கொடைக் கணக்கையும் சமர்ப்பிக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்வது நல்லதே. ஆனால் அந்தக் கணக்கு அலுவலகக் கோவையில் கிடக்கிறது. அதைத் தேடிப்போய்ப் பார்ப்பதற்காக எங்கள் தோட்டத்தில் யார் ஒரு நாள் பேரை இழப்பார்?

கட்சிப் பட்டியலில் விரும்பிய வேட்பாளரைத் தெரிவுசெய்யும் விருப்பு வாக்கு முறையில் ஒரே கட்சிக்காரர்களே ஒருவரோடொருவர் போட்டியிடுவதால், தேர்தல் நெருங்க நெருங்கத் தோட்டங்களுக்குக் கூரைத் தகரமும் கோயிலுக்கு உபயமும் இளைஞர்களுக்குக் கிரிக்கெட் மட்டையும் வந்து இறங்குகின்றன. எங்கள் லயத்தில் இன்னமும் "தகரம் தந்தவர்" என்றுதான் ஒருவரை அடையாளம் சொல்கிறார்கள். அந்தத் தகரத்துக்குப் பணம் கொடுத்தவர் எவர் என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

இதற்கு மாற்றாகச் சிறு தொகை சேர்ப்பது நமக்குப் புதிதல்ல. மலையக அரசியலே தொழிற்சங்கச் சந்தாவில் வளர்ந்ததுதான். இருப்பினும், கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டும். சந்தா பல்லாண்டுகளாகத் தோட்டக் காரியாலயத்தில் சம்பளத்திலேயே கழிக்கப்பட்டது. கொடுத்தவருடைய கையை அது தொட்டதேயில்லை. கேட்காமலே வந்து சேர்ந்த பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய அவசியம் எந்தத் தலைவருக்கும் இருக்கவில்லை. ஆயிரக்கணக்கானோரின் சிறு தொகைகள் கணக்கில்லாமல் ஒரே இடத்தில் குவியும்போது, அதைக் கையாள்பவருக்கு அது பெரும் முதலாளி ஒருவர் தந்த பணம் போலவே ஆகிவிடுகிறது. எனவே தொகை சிறியதா பெரியதா என்பதைவிட, கொடுத்தவர் முகத்தைப் பார்த்துக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறதா என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். இந்தியாவில் கொடுப்பவரின் பெயரை மறைத்த தேர்தல் பத்திரத் திட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024 பெப்ரவரியில் இரத்துச் செய்தபோதும், வாக்காளரின் தகவல் அறியும் உரிமையையே முன்வைத்தது.

எங்கள் மரணாதார சங்கத்தில் ஒவ்வொரு காசுக்கும் பற்றுச்சீட்டு உண்டு. ஆண்டுக்கொருமுறை வரவு செலவை எழுந்து நின்று வாசிக்கிறேன். ஒரு முறை 240 ரூபாய் இடித்ததற்கு, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டிதான் என்னை அரை மணி நேரம் நிற்க வைத்தார். தேநீர்ச் செலவை இரண்டு தடவை எழுதியிருந்தேன்.

மத்திய மாகாண சபைக்கு 2013 க்குப் பின்னர் தேர்தல் நடத்தப்படவில்லை. அது எப்போது அறிவிக்கப்பட்டாலும், வாக்குக் கேட்டு வரும் வேட்பாளர்கள் தங்கள் நன்கொடையாளர் பட்டியலைத் தமிழில் கொண்டுவந்து, மாலை நேரத்தில், தொழிலாளர் வேலைக்காகக் கூடும் பிரட்டுக்களத்தில் வாசிக்க வேண்டும் என்று எங்கள் தோட்டத்து இளைஞர்கள் சிலரும் நானும் கேட்பதாக இருக்கிறோம். வேட்பாளருக்கு 100 ரூபாய் தர விரும்புபவர் தரட்டும், தராதவரை எந்தத் தலைவரும் ஏனென்று கேட்கக் கூடாது. தேர்தல்கள் ஆணைக்குழுவும் அந்தக் கணக்குகளின் பிரதிகளைப் பிரதேச செயலகங்களிலும் தபால் நிலையங்களிலும் தமிழில் காட்சிப்படுத்தினால், நாங்கள் நுவரெலியாவுக்கு பஸ் ஏற வேண்டியிராது.

இப்படிக்கு,
தோட்ட மரணாதார சங்கப் பொருளாளர் ஒருவர்,
பொகவந்தலாவை.