சூயஸ் வழிக்குக் கப்பல்கள் எப்போது திரும்பும் என்று சொல்லும்போது நிபந்தனையையும் சொல்லுங்கள்

கன்டெய்னர் கப்பல் நிறுவனங்களுக்கும் அவற்றின் முகவர்களுக்கும்,

வணக்கம். திருப்பூரில் 40 தையல் மெஷின் வைத்துப் பனியன் கம்பெனி நடத்துகிறேன். எங்கள் சரக்கு தூத்துக்குடியில் ஏறி, கொழும்பில் உங்கள் பெரிய கப்பலுக்கு மாறி ஐரோப்பா போகிறது. 2023 முதல் செங்கடலில் ஏமனின் ஹூத்தி ஆயுதக் குழு கப்பல்களைத் தாக்கியதையும், நீங்கள் சூயஸ் வழியை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனதையும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சூயஸ் வழிக்கு எப்போது திரும்புவீர்கள் என்று நீங்கள் சொல்லும் கணிப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2025 மே மாதம் ஓமன் பேசி அமெரிக்காவும் ஹூத்திகளும் சண்டையை நிறுத்தினார்கள். சூயஸ் கால்வாய் ஆணையமும் பெரிய கன்டெய்னர் கப்பல்களுக்கு 15% தள்ளுபடி அறிவித்தது. உடனே ஒரு முகவர், ஜூலையில் சூயஸ் வழியே கப்பல் போகும் என்று எங்கள் சரக்கை வாங்கும் ஐரோப்பிய பையருக்கு எழுதிவிட்டார். ஆப்பிரிக்காவைச் சுற்றினால் கூடுதலாகும் 10, 14 நாளைக் கழித்துவிட்டு, பையர் சாம்பிளுக்கே தாமதமாக ஓகே சொன்னார். ஜூலை 6ஆம் தேதி மேஜிக் சீஸ் என்ற சரக்குக் கப்பலை ஹூத்திகள் செங்கடலில் தாக்கினார்கள், மறுநாள் எடர்னிட்டி சி கப்பலை. இரண்டும் மூழ்கின. மாலுமிகள் இறந்தார்கள். உங்கள் கப்பல்கள் நன்னம்பிக்கை முனை வழியாகவே போயின. அது சரியான முடிவு. என் பனியனுக்காக யாரும் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

ஆனால் தேதி என் தலையில் விழுந்தது. பாதி சரக்கை என் செலவில் விமானத்தில் அனுப்பச் சொன்னார் பையர். அனுப்பினேன். மீதி தாமதமாகப் போய்ச் சேர்ந்தது, பணமும் தாமதமாக வந்தது. நடுவில் ஒரு சனிக்கிழமை பாதிச் சம்பளம்தான் தர முடிந்தது. செக்கிங்கில் இருக்கும் அக்கா ஒருவர் கவரைப் பிரித்து எண்ணிப் பார்த்துவிட்டு, "மீதி திங்கக்கிழமை வந்துருமா?" என்று மட்டும் கேட்டார். வந்துரும் என்றேன். அடுத்த சனிக்கிழமைதான் தர முடிந்தது. கணிப்பு எழுதியவருக்கு அந்தக் கேள்வி எட்டாது.

அதனால் கேட்கிறேன்: மாதத்தை மட்டும் சொல்லாதீர்கள், நிபந்தனையோடு சொல்லுங்கள். எந்த சர்வீஸ் (கப்பல் வழித்தடம்), எது நடந்தால் சூயஸுக்குத் திரும்பும், எது நடந்தால் திரும்பாது. முடிவை மாற்றினால் 6 வாரம் முன்பே சொல்லுங்கள். தாக்குதல் நடந்தால் அது முடியாதுதான், ஆனால் சூயஸுக்குத் திரும்பும் முடிவுக்கு முடியும்.

கால்வாயில் மொத்தம் எத்தனை கப்பல் என்ற எண்ணிக்கையையும் தனியாகக் காட்டாதீர்கள். 2023இல் 26 ஆயிரத்துக்கும் மேல் கடந்தன, 2024இல் 13 ஆயிரத்துச் சொச்சம். கன்டெய்னர் கப்பல்கள் பெருமளவு விலகின. டேங்கர்கள் நாலு கூடினால் எங்கள் பெட்டி போகும் வழி திறந்ததாகாது. அப்புறம், எல்லாக் கப்பலும் ஒரே சமயத்தில் சூயஸுக்குத் திரும்பினால், ஏற்கெனவே முனையைச் சுற்றி வந்துகொண்டிருப்பவையும் சேர்ந்து ஐரோப்பியத் துறைமுகங்களில் நெரிசலாகுமே. அந்த நாட்களையும் கணக்கில் சேர்த்துச் சொல்லுங்கள். ஆபத்து வந்த வாரமே கூடுதல் கட்டணத்தைப் போடத் தெரிந்த உங்களுக்கு இது பெரிய வேலையில்லை.

கோபத்தில் எழுதியதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். 2025 அக்டோபரில் காசா போர்நிறுத்தம் வந்ததிலிருந்து மறுபடியும் மாதக் கணிப்புகள் வருகின்றன. கோடை ஆர்டருக்கு நான் நூல் வாங்கியாக வேண்டும். பையருக்கு எந்த வழியை நம்பித் தேதி தருவது? நிபந்தனையோடு ஒரு பதில் எழுதுங்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து ஒரு சிறு ஏற்றுமதியாளர்